பள்ளிப் பிள்ளைகளின் பல் துலக்கும் பழக்கம்: கிராமத்திலும் நகரத்திலும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பல் மருத்துவராகச் சேலம் நகரத்துப் பள்ளிகளுக்கும் தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் பல ஆண்டுகளாகப் பரிசோதனை முகாம்களுக்காகச் சென்று வருகிறேன். முகாம் முடிந்து கருவிகளைப் பெட்டியில் அடுக்கும் நேரத்தில்தான் பெற்றோரும் பாட்டிமாரும் ஆசிரியர்களும் தயங்கியபடி அருகில் வந்து தங்கள் ஐயங்களைக் கேட்பார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வலியோ வீக்கமோ இருக்கும் பிள்ளையை மட்டும், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல், மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல்லு வெளக்கணும் மேடம்?

இரண்டு முறை. காலையில் ஒரு முறை, இரவில் உறங்கப் போகுமுன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடமாவது துலக்க வேண்டும். இரண்டில் எது முக்கியம் என்றால், தயங்காமல் இரவு முறையைத்தான் சொல்வேன். பகலில் உமிழ்நீர் ஓயாமல் சுரந்து வாயைக் கழுவிக்கொண்டும் அமிலத்தைத் தணித்துக்கொண்டும் இருக்கிறது. உறக்கத்தில் அந்தச் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அப்போது பல்லிடுக்கில் தங்கியிருக்கும் சோற்றுத் துணுக்கும் பிஸ்கட் மாவும் விடியும்வரை கிருமிகளுக்கு இரையாகின்றன.

காலையில் பல் துலக்காமல் பள்ளிக்கு வரும் பிள்ளையை நான் அரிதாகவே பார்க்கிறேன். இரவில் துலக்கிவிட்டுப் படுக்கும் பிள்ளையையும் அதே அளவுக்கு அரிதாகவே பார்க்கிறேன். இதில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் வேறுபாடே இல்லை.

எந்திரிச்ச உடனே வெளக்கணுமா, டிபன் சாப்பிட்ட பின்னாடி வெளக்கணுமா?

எழுந்தவுடன், வாயில் எதையும் வைக்குமுன் துலக்கும் நம் வழக்கமே நல்லது. இரவெல்லாம் படிந்த படலம் அதில் நீங்கிவிடுகிறது. காலை உணவுக்குப் பின் வாயை நன்றாகக் கொப்பளித்தால் போதும். எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், புளிப்பு மிட்டாய் போன்றவற்றைச் சாப்பிட்டவுடன் மட்டும் துலக்கக் கூடாது. அமிலம் பட்ட எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, சற்று நேரம் இளகியிருக்கும். அரைமணி நேரம் கழித்தே அதன்மேல் பிரஷ் படலாம்.

பேஸ்ட் எவ்வளவு வைக்கணும்? விளம்பரத்துல பிரஷ் முழுக்க நீளமா வைக்கறாங்களே?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவு; மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்குமே பட்டாணியளவு போதும். நுரை அதிகம் வந்தால் பல் அதிகம் சுத்தமாகும் என்பது சரியன்று. வாய் நிறைய நுரை வந்துவிட்டால் பிள்ளை அரை நிமிடத்தில் துப்பிவிட்டு ஓடிவிடும்.

செலவைப் பற்றிக் கவலைப்படும் தாய்மாருக்கு நான் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. பட்டாணியளவு என்பது ஏறத்தாழ கால் கிராம். 50 கிராம் பற்பசையில் 200 முறை துலக்கலாம். நாளொன்றுக்கு இரண்டு முறை வீதம் ஒரு பிள்ளைக்கு 100 நாள் வரும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும்; செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப் பலமுறை கொப்பளித்தால், பல்மேல் தங்கிச் சொத்தையைத் தடுக்க வேண்டிய ஃப்ளோரைடு என்ற சத்தும் சேர்ந்து போய்விடும்.

என் பொண்ணுக்கு ஏழு வயசு ஆகுது. அவளே வெளக்கிக்கறா. அது போதும்தானே?

பெரும்பாலும் போதாது. தன் கையால் எழுதவும் சட்டைப் பொத்தானை மாட்டவும் நன்றாகப் பழகும்வரை பிள்ளையின் விரல்களுக்குப் பின்பற்களைத் துலக்கும் நுணுக்கம் வருவதில்லை. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் பிரஷைக் கையில் வாங்கி ஒருமுறை துலக்கிவிட வேண்டும். அதன்பிறகும் சில ஆண்டுகள் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

முகாம்களில் நாங்கள் பல்லில் ஒரு சிவப்புச் சாயத்தைத் தடவிக் காட்டுவோம். சுத்தமான எனாமலில் அது நிற்காது; கிருமிப் படலம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நகரத்துப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு முழுவதும் காலையில் துலக்கிவிட்டு வந்ததாகக் கை தூக்கியது. சாயம் தடவிக் கண்ணாடியைக் கொடுத்ததும் வகுப்பறை அமைதியாகிவிட்டது. முன்பற்களின் நடுப்பகுதி பளிச்சென்று இருந்தது. ஈற்றை ஒட்டிய ஓரமும், கடைவாய்ப்பற்களின் உட்பக்கமும், மேல்வரிசைப் பின்பற்களின் கன்னம் தொடும் பக்கமும் ரத்தச் சிவப்பாக இருந்தன. ஒரு மாதம் கழித்துக் கிராமப் பள்ளி ஒன்றில், விரலாலும் பல்பொடியாலும் துலக்கும் பிள்ளைகளிடம் அதே சாயத்தைத் தடவினேன். சிவந்த இடங்கள் அங்கும் அவைதான்.

அப்ப எப்படித்தான் வெளக்கறது?

பிரஷின் நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈற்றிலும் படும்படி சாய்த்து வைத்து, அரிசி களைவதுபோல மெதுவாகச் சிறு சிறு வட்டமாகச் சுழற்ற வேண்டும். தரையைத் தேய்ப்பதுபோல இடவலமாக அழுத்தி இழுத்தால் ஈறு இறங்கிப் பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்துவிடும். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் என்று ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று பக்கம் உண்டு. தினமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையில் முடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் எந்தப் பல்லும் விட்டுப்போகாது. கடைசியில் நாக்கை மென்மையாக ஒருமுறை வழித்துவிடலாம்.

பால் பல்லுதானே, எப்படியும் விழுந்துடும். அதுக்குப் போய் எதுக்குச் செலவு பண்ணணும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்வேன். பால் பற்கள் 20. அவற்றில் முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், பின்னாலுள்ள கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்து உழைக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையாகும் அந்தப் பல்லோடு பிள்ளை இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் சாப்பிட்டாக வேண்டும். வலிக்கும் பக்கத்தை ஒதுக்கி ஒரே பக்கமாக மெல்லும் பிள்ளைகளையும், இரவில் உறங்காமல் வகுப்பில் கண்ணயரும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். காலத்துக்கு முன்னரே பால் பல்லைப் பிடுங்கிவிட்டால், இரு பக்கத்துப் பற்களும் அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கும் நிலைப்பல் இடமில்லாமல் கோணலாக வரும். சொத்தையில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிலைப்பல்லின் குருத்தும் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றும் உண்டு. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிலைப்பல், வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டியது. எதுவும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் குழி விழுந்து காட்சி தரும் பல் பெரும்பாலும் அதுவே. அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். அவற்றை மெல்லிய பூச்சால் அடைத்துப் பாதுகாக்கும் சிகிச்சை வலியில்லாதது, ஊசி தேவைப்படாதது. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயது ஆகிவிட்டதென்றால் இன்றிரவே விளக்கொளியில் வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பல்லைத் தேடிப் பாருங்கள்.

பல்லுல பூச்சி இருக்குன்னு புகை போட்டு எடுத்தாங்க. மறுபடியும் வலிக்குதே?

பேச்சு வழக்கில் நாம் பூச்சிப்பல் என்று சொன்னாலும், பல்லுக்குள் பூச்சியோ புழுவோ இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள தாதுக்களைக் கரைத்துக் குழியாக்குகிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தபின் தண்ணீரில் மிதப்பதாகக் காட்டப்படுபவை பல்லிலிருந்து வந்தவை அல்ல. வலி சில நாள் அடங்குவதும் திரும்ப வருவதும் சொத்தையின் இயல்பு. அடங்கியிருக்கும் காலத்திலும் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது.

குழியில் புகையிலை, கற்பூரம், பெட்ரோல் நனைத்த பஞ்சு போன்றவற்றை வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளுக்கு அவற்றைச் செய்யாதீர்கள். ஈறும் கன்னமும் வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கிராமத்துப் பசங்களுக்குப் பல்லு கல்லு மாதிரி இருக்கும், டவுன் பசங்களுக்குத்தான் சொத்தைன்னு சொல்றாங்களே, உண்மைங்களா?

ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்கும், பன்னிரண்டு வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும், பதினைந்து வயதினரில் 63.1 சதவீதத்தினருக்கும் சொத்தை இருந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு மேல் என்கிறபோது அதை நகரத்தின் நோய் என்று ஒதுக்க முடியாது.

முன்பு கிராமத்தில் இனிப்பு என்றால் திருவிழாவுக்கும் பண்டிகைக்கும்தான். இன்று எந்தச் சிற்றூர்ப் பள்ளியின் வாசலிலும் பெட்டிக்கடை இருக்கிறது; ஜெல்லி மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் ஐந்து ரூபாய் சிப்ஸ் பொட்டலமும் சரமாகத் தொங்குகின்றன. நகரத்துப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் ஜாம் ரொட்டியும், டியூஷனுக்குப் போகும் வழியில் சாக்லேட் பாலும் இருக்கின்றன. எவ்வளவு தின்கிறார்கள் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறார்கள் என்பதே பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் வாயில் அமிலம் ஏறுகிறது; உமிழ்நீர் அதைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. நான்கு மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே முறையில் தின்றால் ஒரு முறைதான் அமிலம் ஏறும். காலை மணி, இடைவேளை, மதியம், பள்ளி விட்ட நேரம் என்று ஒவ்வொன்றாகச் சப்பினால் ஒரே பகலில் நான்கு முறை பல் அமிலத்தில் ஊறும்.

என் அனுபவத்தில் வேறுபாடு தெரிவது சொத்தை வந்த பிறகுதான். நகரத்துப் பிள்ளைக்குக் குழி சிறியதாக இருக்கும்போதே அடைத்துவிடுகிறார்கள். கிராமத்துப் பிள்ளையை முகம் வீங்கிய பிறகு அழைத்து வருகிறார்கள்; அதற்குள் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது.

ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு பெரியவங்க சொல்லிருக்காங்க. நான் இன்னைக்கும் குச்சியிலதான் வெளக்கறேன், ஒரு பல்லு போகல. பேரனுக்கு மட்டும் எதுக்கு டாக்டரம்மா பிரஷ்ஷு?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பாட்டி இப்படிக் கேட்டார். அவருடைய பற்களைப் பார்த்தேன். மெல்லும் பரப்பு தேய்ந்து தட்டையாகியிருந்ததே தவிர, ஒரு குழியும் இல்லை. அவர் சொன்னது முழுவதும் உண்மை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நல்லவையே. மெல்லும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கிறது. நார் பிரிந்து பிரஷ் போலாகிறது. அவற்றின் துவர்ப்பு ஈற்றை இறுக்குகிறது. தன் சிறுவயதில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கீரை, பொங்கலுக்கு மட்டும் வெல்லம் என்றார். பேரன் சட்டைப்பையில் அப்போது இரண்டு மிட்டாய்த் தாள்கள் இருந்தன. பாட்டியின் பல்லைக் காத்ததில் குச்சிக்கு ஒரு பங்கு என்றால் களிக்குப் பல பங்கு.

குச்சிக்குச் சில குறைகளும் உண்டு. கடைவாய்ப்பற்களின் உட்பக்கத்துக்கு அது வளைந்து போகாது. பிள்ளைகள் அவசரத்தில் ஈற்றைக் குத்திக்கொள்கிறார்கள். அதில் ஃப்ளோரைடு கிடையாது. ஆகவே அந்தப் பாட்டியிடம் நான் கேட்டுக்கொண்டது இதுதான்: காலையில் பேரன் உங்களோடு திண்ணையில் உட்கார்ந்து குச்சியால் துலக்கட்டும், இரவில் உங்கள் கண்ணெதிரே பிரஷால் துலக்கட்டும். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

சாம்பல், கரி, உப்பு, செங்கல் பொடி இதெல்லாம் போட்டா பல்லு வெள்ளையாகும்தானே?

வெள்ளையாவதுபோலத் தெரியும், ஏனென்றால் மேற்பரப்பு அராவப்படுகிறது. செங்கல் பொடியும் மணலும் கலந்த கரியும் எனாமலை நாளடைவில் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை. அடியிலிருக்கும் மஞ்சள் நிறத் திசு வெளித்தெரியத் தொடங்கினால் பல் முன்பைவிட மங்கலாகிவிடும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். கடைப் பல்பொடிகளிலும் சொரசொரப்பானவை உண்டு. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து நறநறவென்றிருந்தால் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். புகையிலை கலந்த பற்பசை, பல்பொடிகளை அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. வீட்டிலுள்ள பெரியவர்கள் புகையிலைத் தூளால் துலக்கினால் அதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்ய வேண்டாம்.

நகரத்துப் பெற்றோர் சிலர் கரி சேர்த்த பற்பசையை நிறைய விலை கொடுத்து வாங்குகிறார்கள். கிராமத்துக் கரிக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். பிள்ளைகளுக்கு அது தேவையில்லை.

மூலிகை பேஸ்ட் நல்லதா, சாதா பேஸ்ட் நல்லதா?

பெயரைப் பார்க்க வேண்டாம், டியூபின் பின்புறத்தைப் பாருங்கள். சொத்தையைத் தடுப்பதில் உறுதியாகப் பயனளிப்பது ஃப்ளோரைடு. நம் நாட்டின் மருந்து, அழகுப் பொருள் விதிகளின்படி, ஃப்ளோரைடு சேர்த்த பற்பசையில் அது 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. அந்த அளவும் காலாவதித் தேதியும் டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃப்ளோரைடு இருப்பதில்லை. கிராம்பும் வேம்பும் வாய்க்கு இதமளிக்கலாம். அவை ஃப்ளோரைடின் வேலையைச் செய்துவிடா.

எங்க ஊர் போர் தண்ணியிலயே ஃப்ளோரைடு இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் பேஸ்ட்டுலயும் எதுக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோருக்கு இது மிகவும் நியாயமான அச்சம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதலாக இருந்ததால்தான், ஜப்பானின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இப்போது அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பற்பசையில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. மேலே சொன்ன பட்டாணியளவில் இருப்பது கால் மில்லிகிராம். பிள்ளை அதை முழுவதும் விழுங்கினாலும் அவ்வளவுதான், துப்பினால் அதிலும் சிறு பகுதியே உள்ளே போகும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் 3 மில்லிகிராமும் உடம்புக்குள் போய்விடுகிறது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் தண்ணீரை. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் போதுமான அளவு தனியே பிடித்து வையுங்கள்.

துப்பத் தெரிந்த பள்ளிப் பிள்ளை பட்டாணியளவு பற்பசையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆறு வயதுக்குக் குறைந்த, விழுங்கும் பழக்கமுள்ள பிள்ளை அத்தகைய ஊரில் இருந்தால் மட்டும், எந்தப் பற்பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் பையன் பல்லுல பழுப்புக் கறை. எவ்வளவு தேச்சாலும் போகல. ஸ்கூல்ல பல்லே வெளக்க மாட்டியான்னு கேக்கறாங்களாம்.

இந்தக் கறை துலக்காததால் வந்ததன்று. பல் ஈற்றுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறத்தாழ எட்டு வயதுவரை, குடிநீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் சரியாக இறுகாமல் சுண்ணாம்பு வெண்மையாகவோ பழுப்புத் திட்டுகளாகவோ முளைக்கிறது. முளைக்கும்போதே அப்படித்தான் முளைக்கிறது. தேய்த்து எடுக்க அது மேலே ஒட்டிய அழுக்கும் இல்லை.

எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வாயைக் கையால் மறைத்தபடியே என்னிடம் பேசினார். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தபோது, முன்பற்களில் கறையோடு ஈற்றோரமாகக் கோடு கோடாகக் கீறல்கள் இருந்தன. ஈறு ஓரிடத்தில் இறங்கியிருந்தது. ஓட்டுச் சில்லைப் பொடியாக்கி ஆறு மாதமாகத் தினமும் தேய்த்து வந்திருக்கிறார். அவரைத் தேய்க்க வைத்தது வகுப்பில் பலர் முன்னால் கேட்கப்பட்ட ஒரு கேள்வி. ஆசிரியர்களை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, இந்த மாவட்டங்களில் கறையை வைத்துப் பிள்ளையின் சுத்தத்தை எடைபோடாதீர்கள் என்பதே. இலேசான கறையை மேலோட்டமாக மெருகேற்றி அகற்றவும், ஆழமான கறையைப் பல் நிறப் பூச்சால் மறைக்கவும் சிகிச்சைகள் உண்டு. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அவற்றைக் கேட்டுப் பெறலாம்.

வெளக்கும்போது ஈறுல ரத்தம் வருது. கொஞ்ச நாள் விட்டுடலாமா?

விடக் கூடாது. ஈற்றோரத்தில் படலம் தங்கியதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. துலக்காமல் விட்டால் அது காரையாக இறுகிவிடும். மென்மையான பிரஷால், முன்பு சொன்ன முறையில், அந்த இடத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூணு பிள்ளைங்களுக்கும் ஒரே பிரஷ்தான் வெச்சிருக்கோம். தப்புங்களா?

ஆளுக்கொரு பிரஷ் கட்டாயம் வேண்டும். ஒருவர் வாயிலுள்ள கிருமி மற்றவருக்குப் போகிறது. ஈற்றில் ரத்தம் கசிந்தால் அது இன்னும் தீங்கு. பற்பசையில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் பிரஷ் வாங்கிவிடலாம். தலை சிறியதாக, நார் மென்மையாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குள் நார் விரிந்துவிட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள். கிராமத்து வீடுகளில் ஓலைக்கூரை இடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் செருகியிருப்பதையும், நகரத்து வீடுகளில் ஈரத்தோடு மூடி போட்டுக் கழிவறைக்குள் வைத்திருப்பதையும் பார்க்கிறேன். முதலாவதில் தூசியும் பல்லியும், இரண்டாவதில் ஈரமும் சிக்கல். கழுவி, உதறி, ஒரு டம்ளரில் தலை மேலாக, காற்றுப்படும் இடத்தில் நிறுத்துங்கள்.

ராத்திரி படிச்சுக்கிட்டே தூங்கிடறான். எழுப்பி வெளக்க வெச்சா அழறான். என்ன பண்றது?

எழுப்ப வேண்டாம். இரவு உணவு முடிந்த கையோடு துலக்க வைத்துவிடுங்கள். அதன்பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கிடையாது என்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். படுக்குமுன் பால் கொடுப்பதென்றால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத் துலக்கச் சொல்லுங்கள். பெற்றோர் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இப்பக்கம் நிறைய. அந்த வீடுகளில் பாட்டி தன் பல்லையும் அதே நேரத்தில் துலக்கினால், பிள்ளை சொல்லாமலே வந்து பக்கத்தில் நிற்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கூலுக்கு டாக்டர் வர்றாங்களே, அது போதாதுங்களா?

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வருகிறது. பல் பரிசோதனையும் அதில் அடங்கும். அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போகும்போதுதான் அந்தப் பரிசோதனைக்குப் பயன். புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் சீட்டுகளை நான் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். முகாம் நடந்த வாரத்தில் பிள்ளையின் பையைத் துழாவிப் பாருங்கள்.

நாங்க ஆசிரியர்கள். பள்ளியிலேயே பிள்ளைகளைத் துலக்க வைக்க முடியுமா? அதுக்குத் தண்ணி, இடம் எல்லாம் வேணுமே?

முடியும். பிலிப்பைன்ஸ் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கைகழுவுதலோடு சேர்த்து ஃப்ளோரைடு பற்பசையால் பிள்ளைகள் வரிசையாக நின்று தினமும் துலக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளிலும் ஆசிரியர் முன்னிலையில் தினமும் துலக்குகிறார்கள். நம்மிடம் அதற்கான நேரமும் அமைந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் முதல் மணிக்கு முன்னரே பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபின் கை கழுவும் வரிசையோடு இதைச் சேர்த்துவிடலாம். முன்பு சொன்னதுபோல அதிகம் கொப்பளிக்கத் தேவையில்லாததால், பிள்ளைக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும். இரவு முறை வீட்டில்தான் நடந்தாக வேண்டும். ஆனால் சரியான முறையைக் கையில் பழக்கிவிடப் பள்ளியைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு கிராமப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை, பழைய பலகை ஒன்றில் தச்சரைக் கொண்டு துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கு மேலும் பிள்ளையின் பெயரை வண்ணத்தில் எழுதி, சுவரில் மாட்டியிருந்தார். பிரஷ்கள் ஒன்றையொன்று தொடாமல் தலை மேலாக நின்றன. நாள்தோறும் ஒரு பிள்ளை பட்டாணியளவு பற்பசையை ஒவ்வொருவருக்கும் வைத்துக்கொண்டு வரும். மற்றவர்கள் வாய்க்காலோரம் குந்தி, ஆசிரியை நூற்றிருபது எண்ணி முடிக்கும்வரை துலக்குவார்கள். அடுத்த முறை அங்கே சிவப்புச் சாயத்தோடு போனபோது, நான் கண்ணாடியை நீட்டுமுன்னே ஒரு சிறுமி வாயைத் திறந்து, மேல்வரிசையின் கடைசிப் பல்லை விரலால் தொட்டு, "இங்க இருக்கும் டாக்டர், இங்கதான் எனக்கு எட்டாது" என்றாள். சாயம் அங்கேதான் ஒட்டியிருந்தது. அவளுக்குச் சிறிய தலை பிரஷ் ஒன்று கொடுத்துவிட்டு வந்தேன்.